தேம்ஸ் நதிக்கு லண்டன் பட்ட கடன்

நதிக்கரையில் நகரம் அமைத்துக்கொண்ட மக்கள், நதி தங்களுக்குக் கொண்டுவந்து தருவதைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு, தாங்கள் நதியில் இறக்கி அனுப்புவதைப் பற்றிச் சிந்தித்ததில்லை. மேலிருந்து வரும் ஜலம் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் என்று ஆயிற்று. கீழே போகும் ஜலம் யார் வீட்டு வாசலைத் தொடுகிறது, எந்தச் சமுத்திரத்தில் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்ற கேள்வி எழுவதற்கே பல தலைமுறைகள் ஆயின. அந்தக் கேள்வியை ஒரு மாநகரம் எப்போது கேட்கத் தொடங்கியது, கேட்ட பின்பும் எத்தனை காலம் விடை சொல்லாமல் கடத்தியது, எவருடைய உழைப்பால் கடைசியில் விடை கண்டது என்பதை அறிய விரும்புவோர் லண்டன் மாநகரின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் வசித்தனர். வீடுகளின் நிலவறைக்கு அடியிலோ கொல்லைப்புறத்திலோ மலக்குழி இருந்தது. அது நிறைந்தபோது, ஊர் உறங்கும் நேரத்தில் வந்து இறைத்து, வண்டியேற்றி, நகருக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் எருவாக விற்பதையே ஜீவனமாகக் கொண்ட தொழிலாளர் இருந்தனர். தெருவுக்கு அடியில் ஓடிய சாக்கடைகள் மழைநீருக்காக ஏற்பட்டவை. வீட்டு மலத்தை அவற்றில் விடுவது 1815 வரையில் சட்டத்துக்கு விரோதம். அந்த ஏற்பாட்டை நாம் புகழ்வதற்கில்லை. குழிகள் கசிந்து கிணறுகளைக் கெடுத்தன. அவற்றில் இறங்கி உழைத்தவர்கள் விஷவாயுவுக்கு இரையாகும் அபாயத்துடனேயே வாழ்ந்தனர். ஆயினும் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கு நிலத்துக்கே திரும்பியது என்ற நன்மை அதில் இருந்தது. நதியும் ஓரளவு தப்பியிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சுத்தத்தின்மீது மக்களுக்கு எழுந்த ஆசையே. ஜோசப் பிரமா 1778-இல் உரிமை பெற்ற நீர்க்கழிப்பறையும் அதைப் பின்பற்றி வந்த பிறவும் செல்வர் வீடுகளிலிருந்து நடுத்தர வீடுகளுக்குப் பரவியபோது, ஒவ்வொரு தடவையும் குடம் குடமாக இறங்கிய தண்ணீரைத் தாங்க மாட்டாமல் பழைய குழிகள் பொங்கி வழிந்தன. நகரம் பரந்துவிட்டபடியால் வயல்கள் வண்டிக்கு எட்டாத தூரம் போயின; 1840-களில் பெரு தேசத்திலிருந்து கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக வந்து இறங்கவே, நகரத்து எருவை வாங்குவாரும் குறைந்தனர். எஞ்சியிருந்த வழி சாக்கடை ஒன்றுதான். எட்வின் சாட்விக் என்னும் சுகாதாரச் சீர்திருத்தக்காரர், தீய நாற்றமே நோயின் வித்து என்று உறுதியாக நம்பினார். ஆகையால் நாற்றத்தை வீட்டைவிட்டு அகற்றிவிட்டால் ஜனங்கள் பிழைப்பார்கள் என்பது அவர் முடிவு. அவர் முக்கிய அங்கத்தினராக விளங்கிய சாக்கடைக் கமிஷன் 1848 முதல் மலக்குழிகளை மூடச் செய்து, எல்லாவற்றையும் சாக்கடை வழியே தேம்ஸில் இறக்கிற்று. நல்ல எண்ணம் கொண்ட ஒரு மனிதர், தவறான ஒரு கொள்கையை நேர்மையுடன் பின்பற்றி, ஒரு பெரிய தீங்கைச் செய்துவிட்டார்.

தேம்ஸ் நதி லண்டனில் சாதாரண ஆறாக ஓடுவதில்லை என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். கடலின் ஏற்றமும் வற்றமும் தினம் இரண்டு முறை நகரத்தின் ஊடே மேலேறி, டெடிங்டன் மதகுவரையில் சென்று திரும்புகின்றன. காலையில் வற்றத்தோடு போன அசுத்தம் மாலையில் ஏற்றத்தோடு திரும்பி வந்து, போன இடத்தையே மறுபடியும் பார்க்கும். அந்த நீரைத்தான் குடிநீர்க் கம்பெனிகள் இறைத்து வீடுகளுக்கு விற்றன. 1848-49-இல் காலரா லண்டனில் 14,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1853-54-இல் மீண்டும் வந்து 10,000-க்கும் மேல் கொண்டுபோயிற்று. தென் லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு வேறு கம்பெனிகள் தண்ணீர் அளித்துவந்தன. ஒன்று நகரத்தின் நடுவே அசுத்தமான இடத்தில் இறைத்தது, மற்றொன்றான லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் இறைப்பிடத்தை மேலே தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, இறந்தவர் எந்தத் தண்ணீரைக் குடித்தவர் என்று விசாரித்துக் கணக்கெடுத்த வைத்தியர் ஜான் ஸ்னோ, நோய் காற்றில் வரவில்லை, நீரில் வருகிறது என்று நிறுவினார். அவர் காலத்தில் அதை ஒப்புக்கொண்டவர் சிலரே.

1855 ஜூலையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் அந்நதிவழியே சென்றார். வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து அங்கங்கே நீரில் போட்டுப் பார்த்தபோது, நல்ல வெயில் வேளையிலும் அவை ஓர் அங்குலம் அமிழ்வதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. அதை அவர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். ஒரு விஞ்ஞானியின் எளிய சோதனை, தேர்ந்த பிரசங்கத்தைவிட உள்ளத்தில் தைக்கக்கூடியது. ஆனால் பார்லிமெண்ட் அதற்கும் அசையவில்லை. மூன்று ஆண்டுகள் சென்றபின், 1858 ஜூன் மாதத்தின் கொடும் வெயிலில் நதி புளித்துப் பொங்கி, அதன் கரையிலேயே புதிதாகக் கட்டப்பட்டிருந்த பார்லிமெண்ட் மாளிகைக்குள் துர்நாற்றம் புகுந்தது. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர்கள் உள்ளே அமர முடியவில்லை. ஆண்டுக்கணக்காகத் தகராறில் கிடந்த விஷயத்துக்கு 18 நாட்களில் மசோதா வந்து சட்டமாயிற்று. அதே ஜூன் மாதத்தில், 16-ஆம் தேதி, ஜான் ஸ்னோ தமது 45-ஆவது வயதில் காலமானார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சட்டம் தந்த பணத்தையும் அதிகாரத்தையும் கொண்டு காரியத்தை நிறைவேற்றியவர் மாநகரப் பணிக் கழகத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பஸால்கெட். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நதியை நோக்கி இறங்கிய பழைய சாக்கடைகளை, நதிக்கு இணையாகக் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய செங்கல் கால்வாய்களால் இடைமறித்து, கழிவு முழுவதையும் நகருக்குக் கிழக்கே கொண்டுபோய், வடகரையில் பெக்டனிலும் தென்கரையில் கிராஸ்னெஸ்ஸிலும் நதியில் விடுவது அவர் திட்டம். இடைமறிக்கும் பிரதான கால்வாய்கள் மட்டும் 82 மைல் நீளம். வேலை முழுவதற்கும் 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் சென்றன. ஈரத்திலேயே இறுகும் போர்ட்லண்ட் சிமெண்டை இவ்வளவு பெரிய அளவில் நம்பிப் பயன்படுத்தியதும், வந்திறங்கிய ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துத் தேறியதையே ஏற்றதும் அவருடைய ஜாக்கிரதைக்குச் சான்று. 1865 ஏப்ரலில் கிராஸ்னெஸ்ஸில் நான்கு மாபெரும் நீராவி இயந்திரங்களை வேல்ஸ் இளவரசர் இயக்கிவைத்தார். மறு ஆண்டு மீண்டும் காலரா வந்தபோது, அது புதிய கால்வாய்கள் முற்றுப்பெறாத கிழக்கு லண்டனிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

இத்தகைய சாதனையைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானது அந்தச் செங்கற்களின் புண்ணியம். எனினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கலாகாது. பஸால்கெட்டின் கால்வாய்கள் அசுத்தத்தை அகற்றினவேயன்றி அழிக்கவில்லை. கழிவு வந்தபடியே, ஒரு துளியும் சுத்தி செய்யப்படாமல், வற்றம் தொடங்கும் வேளை பார்த்துத் திறந்துவிடப்பட்டது. மேல் லண்டனின் துன்பம் கீழே இருந்த ஊர்களுக்கு மாற்றி எழுதப்பட்டது. பார்க்கிங் ஊரார் 1860-களின் இறுதியிலேயே முறையிட்டார்கள். நதியில் வண்டல் திட்டுகள் எழுகின்றன, மீன்கள் சாகின்றன என்ற அவர்களுடைய முறையீட்டுக்கு, அது நகரத்துச் சாக்கடையால் வந்ததன்று என்றே கழகத்தார் மறுமொழி கூறினர்.

1878 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை, உல்லாசப் பிரயாணம் முடிந்து லண்டன் திரும்பிக்கொண்டிருந்த பிரின்ஸஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு, பைவெல் காஸில் என்ற நிலக்கரிக் கப்பலால் மோதுண்டு சில நிமிஷங்களில் பிளந்து மூழ்கிற்று. அது மூழ்கிய இடம் கேலியன்ஸ் வளைவு, இரண்டு கழிவு வாய்களுக்கும் அருகில்; அவை திறந்துவிடப்பட்டு அப்போது ஒரு மணி நேரமே ஆகியிருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீரின் நஞ்சு எத்தனை பேரை மாய்த்தது, மூழ்கியது எத்தனை பேரை மாய்த்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது. ஆனால் கரையில் கிடத்தப்பட்ட சடலங்களின் நிலையைப் பற்றிச் சாட்சிகள் சொன்ன வார்த்தைகள் தேசத்தையே உலுக்கின. 1882-இல் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. கழிவை அப்படியே நதியில் விடுவது இனித் தகாது, கனமான பொருளையேனும் பிரித்தெடுக்க வேண்டும் என்று அது தீர்ப்புச் சொல்லிற்று.

அதன்படி சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கசடைப் படியவைத்து, தெளிந்த நீரை நதியிலும், கசடைக் கப்பலேற்றிக் கடலிலும் கொட்டத் தொடங்கினார்கள். 1887-இல் இந்தப் பணிக்கென்று மிதந்த முதல் கப்பலுக்குப் பொறியாளர் பஸால்கெட்டின் பெயரையே சூட்டினர். வீட்டிலிருந்து குழிக்கும், குழியிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து கீழூருக்கும் தள்ளப்பட்ட பொருள், இப்போது தேம்ஸ் முகத்துவாரத்தின் கடலடியில் போய்ச் சேர்ந்தது. அங்கே முறையிட ஊரார் இல்லை.

தள்ளிவைப்பதை விடுத்துத் தீர்த்துவைக்கும் வழியைக் காட்டியவர்கள் வேறொரு திசையில் வேலை செய்துகொண்டிருந்த ரஸாயன சாஸ்திரிகள். எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் 1860-களின் இறுதியில் லண்டன் கழிவை மண்ணும் சரளையும் நிறைந்த குழாய்களின் வழியே, இடையிடையே ஓய்வுவிட்டு, ஊற்றிப் பார்த்தார். ஓய்வுவேளையில் காற்று உள்ளே புகுந்ததால் மண் களைப்படையாமல் மாதக்கணக்காகச் சுத்தி செய்தது. இது வெறும் ரஸாயன மாற்றம் என்றே அப்போது எண்ணினார்கள். 1877-இல் பாரிஸில் ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இருவர், கழிவு வடிந்து நைட்ரேட்டாக மாறிக்கொண்டிருந்த மணல் குழாயில் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றுவிட்டது. ஆவியை நீக்கியபின்பும் அது தானே தொடங்கவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியதும் சில நாட்களில் தொடங்கிற்று. மயக்கமருந்தால் நின்றுபோவது உயிருள்ளதாகத்தானே இருக்க வேண்டும்! மண்ணில் வாழும் கண்காணா ஜீவராசிகளே சுத்தி செய்கின்றன என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

நதி ஏன் சாகிறது என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. கழிவு நதியில் விழுந்தவுடன் அதே நுண்ணுயிர்கள் அதை உண்ணத் தொடங்கும். உண்பதற்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயு அவற்றுக்கு வேண்டும். கொஞ்சம் கழிவானால், காற்றிலிருந்து நதி அந்த நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ளும். மிகுதியானால் வாயு தீர்ந்து மீன் திணறிச் சாகும். அதற்கும் மேலானால் கடல்நீரில் உள்ள கந்தக உப்புகளைச் சில உயிர்கள் பிடித்துக்கொண்டு, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள வாயுவை வெளியிடும். நதி செய்ய முடியாத வேலையை, நதியைச் சேர்வதற்கு முன்பே, கரையில் ஒரு தொட்டிக்குள் அதே உயிர்களைக் கொண்டு செய்து முடிப்பதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் தத்துவம். லண்டனின் ரஸாயனியான வில்லியம் டிப்டின், கிருமிகளைக் கொல்லும் மருந்தைக் கழிவில் கொட்டுவது நமக்கு உதவ வந்தவர்களையே வெட்டுவதாகும் என்று வாதித்தார். அவருடைய யோசனைப்படி கல்லும் கரியும் நிரப்பிய படுகைகள் 1890-களில் பல ஊர்களில் ஏற்பட்டன.

1898-இல் அமைந்த கழிவுநீர் ராயல் கமிஷன் 17 ஆண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்தது. 1912-இல் வந்த அதன் எட்டாவது அறிக்கை, நதியில் விடும் நீரின் ஒரு லிட்டரில் மிதக்கும் பொருள் 30 மில்லிகிராமுக்கும், ஐந்து நாட்களில் அந்த நீர் உறிஞ்சக்கூடிய பிராணவாயு 20 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று அளவுகோல் வகுத்தது. அதையும் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீருள்ள ஆற்றிலேயே விடலாம் என்றது. கீழே உள்ள நதிக்கு மேலே உள்ள நகரம் எவ்வளவு கடன்பட்டது என்பதை எண்ணிக்கையாக எழுதிவைத்த இந்த அறிக்கையை, ஒரு தர்மசாஸ்திரத்துக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன். உலகின் பல தேசங்களில், நம் தேசத்திலும், பிற்காலத்தில் எழுந்த விதிகளில் இந்த இரண்டு எண்களின் சாயல் படிந்திருக்கிறது.

அளவுகோல் வந்துவிட்டது, ஆனால் படுகைகளுக்கு வேண்டிய நிலம் பெரிய நகரங்களுக்கு எங்கே கிடைக்கும்? அந்த முட்டுக்கட்டையை நீக்கியவர்கள் மான்செஸ்டர் நகரின் டேவிஹியூம் நிலையத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபௌலர், அமெரிக்காவில் லாரன்ஸ் சோதனை நிலையத்தில் கழிவுநீருக்குக் காற்றூட்டிப் பார்த்ததைக் கண்டுவந்து சொன்னார். இவர்கள் புட்டியில் கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினர். முற்றும் சுத்தியாக ஏறக்குறைய ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரையில் எல்லோரும் செய்தது போலக் கழுவிக் கொட்டிவிடாமல், மேலே தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கழிவை அதன்மேல் ஊற்றினார்கள். நேரம் குறைந்தது. மறுபடியும் அவ்வாறே செய்தார்கள், மேலும் குறைந்தது. பல முறை கசடு சேரச் சேர, வாரக்கணக்கான வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துவைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை: கசடு என்று வீசப்பட்டது, பசியோடு காத்திருந்த கோடானுகோடி உயிர்களின் திரள். 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி மான்செஸ்டரில் ரஸாயனத் தொழில் சங்கத்தின் கூட்டத்தில் இதை வெளியிட்டார்கள். ஆக்டிவேடட் ஸ்லட்ஜ் என்று நம் பொறியாளர்கள் இன்றும் வழங்கும் முறை இதுதான். அவர்கள் இருவரும் இதற்கு உரிமைப் பத்திரம் எதுவும் தேடிக்கொள்ளவில்லை.

ஃபௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, வெப்ப நாட்டில் இம்முறை எவ்வாறு நடக்கும் என்ற ஆராய்ச்சியைத் தொடர்ந்தார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. முறை பிறந்த இரண்டே ஆண்டுகளில் அதன் தந்தையருள் ஒருவர் நம் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்.

ஆனால் தேம்ஸுக்கு உடனே விமோசனம் கிடைக்கவில்லை. மேற்கு மிடில்ஸெக்ஸ் பகுதியில் 28 சிறு நிலையங்களை மூடி, மோக்டனில் புதிய முறைப்படி ஒரு பெரிய நிலையம் 1936-இல் திறக்கப்பட்டது. கசடைப் புளிக்கவைத்து எழும் வாயுவாலேயே அதன் இயந்திரங்களை ஓட்டினார்கள். பெக்டனிலோ, வந்து சேர்ந்த கழிவில் ஒரு பகுதிக்கே இத்தகைய சிகிச்சை கிடைத்தது. ஜனத்தொகை பெருகியது, யுத்தம் வந்தது, குண்டுகள் விழுந்தன, பணம் வேறு காரியங்களுக்குப் போயிற்று. ஏற்றமும் வற்றமும் கழிவை ஒரேயடியாகக் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்ற பழைய நம்பிக்கையும் பொய்த்தது. மழை குறைந்த காலத்தில் அது வாரக்கணக்காக முகத்துவாரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் அலைந்தது. 1950-களில் கோடைக்குப் பின் பல மைல் தூரம் நீரில் பிராணவாயு அறவே இல்லை. விலாங்கைத் தவிர வேறு மீன் நகரத்துப் பகுதியில் நிலைத்து வாழவில்லை. 1957-இல் இயற்கைச் சரித்திர அருங்காட்சியகத்தார் நதி உயிரற்றுப் போனதாக அறிவித்தனர்.

அதன்பின் நடந்த வேலையில் கதாநாயகர் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. குழுக்கள் கணக்கிட்டன, பொறியாளர்கள் தொட்டி கட்டினர், தொழிலாளர் இரவும் பகலும் காற்று இயந்திரங்களைக் காத்தனர். கிராஸ்னெஸ் நிலையம் 1960-களில் புதிதாக எழுந்தது. பெக்டன் 1970-களின் நடுவில் முழுச் சிகிச்சை அளிக்கும் நிலையை எட்டியது. வரும் நீர் முதலில் கம்பிச் சல்லடையைக் கடக்கிறது, மணல் படிகிறது, முதல் தொட்டியில் கனமான கசடு இறங்குகிறது, நீண்ட தொட்டிகளில் அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் எழ, பழுப்புநிறத் திரள் கழிவை உண்டு கொழுக்கிறது, கடைசித் தொட்டியில் அது படிந்து, ஒரு பகுதி மறுபடியும் வேலைக்குத் திரும்ப, தெளிந்த நீர் நதியில் இறங்குகிறது. மாற்றத்தை முதலில் கண்டவர்கள் நதிக்கரை மின்நிலையத்தார். இயந்திரத்தைக் குளிரவைக்க உறிஞ்சிய நீரின் வடிகட்டிகளில் 1964 முதல் மீன்கள் அகப்படலாயின. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் வீலர் அவற்றை இனம் இனமாகப் பதிவு செய்துவந்தார். 1974-இல் வெஸ்ட் தர்ரக் மின்நிலையத்தின் வடிகட்டியில் ஒரு சால்மன் கிடந்தது. கடலில் வளர்ந்து முட்டையிட நதியேறும் அந்த மீன், நீர் முழுவதும் மூச்சுக்கு ஏற்றதாக இருந்தாலன்றி உள்ளே வராது. அது அந்நதியில் காணப்பட்டு 140 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நதி மீண்ட பின்பும் கடலின் கணக்கு பாக்கியிருந்தது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னும். தொழிற்சாலைகளிலிருந்து வரும் ஈயத்தையும் காட்மியத்தையும் அவற்றால் தின்ன முடியாது, கசடோடு சேர்ந்தே அவை தங்கும். அந்தக் கசடை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் 1887 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முகத்துவாரத்துக்கு வெளியே சென்று கொட்டிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய நாடுகள் 1991-இல் இயற்றிய விதி அதற்கு முடிவு கட்டிற்று. 1998 டிசம்பரில் அந்தக் கப்பல் பயணம் நின்றது. இப்போது பெக்டனிலும் கிராஸ்னெஸ்ஸிலும் கசடை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயில் ஓடும் பஸால்கெட்டின் அமைப்பு இன்னும் ஒரு பாக்கியை விட்டுச் சென்றிருந்தது. வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாதபடி, பெருமழையின்போது மிகுந்த நீர் நதிக்குள் வழிந்துவிட அவர் வழி வைத்திருந்தார். அவர் காலத்தில் அரிதாக நிகழ்ந்த அது, நகரம் பெருகித் தெருவெல்லாம் கல்லும் தாரும் ஆனபின், சராசரியாக வாரத்துக்கு ஒரு முறை நிகழலாயிற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி டன் கலப்புநீர் சுத்தி பெறாமலே தேம்ஸில் விழுந்தது. அதைத் தடுக்க, ஆக்டனிலிருந்து ஆபி மில்ஸ் வரையில் பெரும்பாலும் நதியின் அடியிலேயே, 25 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உள்ள ஒரு சுரங்கம் குடைந்து, 2025 பிப்ரவரியில், இணைக்கத் திட்டமிட்ட வாய்கள் எல்லாவற்றையும் அதனோடு இணைத்துவிட்டார்கள். மழை பெய்யும்போது அது நிறைகிறது. மழை விட்டபின் அதன் நீரை இறைத்துப் பெக்டனுக்கு அனுப்புகிறார்கள்.